ஒரு பக்கத்துத் தண்டவாளம்

அத்தானின் காரில் ஓட்டுபவர் சீட் ஆடும். பிரேக் போட்டால் இரண்டு விரல் அளவு முன்னால் வரும். வண்டி கிளம்பினால் அதே இரண்டு விரல் பின்னால் போகும். நான்கு வருடங்களாக அப்படித்தான். இந்த நான்கு வருடங்களில் அதை நிறுத்த அவர் சீட்டுக்குப் பின்னால் செருகி வைத்தவை: லாரி டயரில் ஒரு துண்டு, ஒரு மர ஆப்பு, ஒற்றைச் செருப்பு. செருப்பு யாருடையது என்று அக்காவுக்கும் தெரியாது.

"ஓடுதுல்ல? இது போதும்" என்பார்.

அவர் எல்லாவற்றுக்கும் சொல்வது இதுதான். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே 'போதும்' என்றாகிவிட்டது. "போதும் போன் பண்ணினாரு" என்று என் மனைவி சொன்னால், யார் என்று நான் கேட்பதில்லை.

அத்தானுக்கு எடைமேடையில் வேலை. பெரிய சாலையோரம், லாரிகள் ஏறி நிற்கிற இரும்பு மேடை. அதை ஒட்டி ஓர் அறை. அறைக்குள் ஒரு ஜன்னல், சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி, ரசீது அடிக்கும் இயந்திரம், அத்தான். லாரி ஏறும். எண்கள் தடுமாறி நிற்கும். அவர் ஒரு பொத்தானை அழுத்துவார், ரசீதைக் கிழிப்பார், ஜன்னல் வழியாக நீட்டுவார். இருபத்தாறு வருடங்களாக இதைச் செய்கிறார். எண் நிற்பதற்கு முன்பே, டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்து எடையைச் சொல்லிவிட முடியும் என்பது அவருடைய பெருமை. "முப்பது கிலோ முன்னப்பின்ன இருக்கும் மாப்ள, அவ்வளவுதான்." எடையைச் சொல்லும் இயந்திரம் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும்போது இந்தத் திறமை யாருக்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எடைமேடைக்கு எதிரே பழைய இரும்புக் கடை. அங்கே போகிற ஒவ்வொரு சுமையும் அத்தானின் ஜன்னலைத் தாண்டித்தான் போகும். அதனால் உலகத்தில் எதுவும் வீணில்லை என்ற முடிவுக்கு அவர் இளம் வயதிலேயே வந்துவிட்டார். வேறு எந்த முடிவுக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அக்காவின் வீட்டுக்குப் போனால் தெரியும். குளியலறைக் குழாய்க்குத் திருகு கிடையாது. பக்கத்தில் ஆணியில் ஒரு குறடு தொங்கும், அதனால் திருக வேண்டும். வாசல் கேட்டின் தாழ்ப்பாள் ஏதோ லாரியின் பின்கதவிலிருந்து வந்தது. அதைத் தூக்க இரண்டு கைகளும் வேண்டும். இரண்டு கைகளிலும் பையோடு வருகிறவள் அக்கா. கட்டிலின் நான்காவது கால் ஒரு மேசையினுடையது, அரை அங்குலம் குட்டை. அந்தப் பக்கம் படுப்பவளும் அக்காதான். அத்தான் செய்யும் எந்த வேலையிலும் ஓர் அரை அங்குலம் குறையும். அது தன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வார் என்று சொல்ல மாட்டேன். அவர் அதைப் பார்ப்பதே இல்லை. அதுவாகவே அக்காவின் பக்கம் போய்விடும்.

காரையும் அவர் பழையதாகத்தான் வாங்கினார். வாங்கும்போது முன்சீட் இரண்டில் ஓட்டுபவர் சீட் தேய்ந்திருந்தது. பக்கத்துச் சீட்டின் மேல் மட்டும் கம்பெனியில் போட்ட பாலித்தீன் உறை அப்படியே இருந்தது. முந்தைய சொந்தக்காரர் தனிக்கட்டையாக இருந்திருக்க வேண்டும். அத்தானுக்கு அதைக் கண்டதும் வந்த மகிழ்ச்சி கல்யாணப் புகைப்படத்தில்கூட இல்லை. அந்த உறையை அவர் பிரிக்கவில்லை. அதன்மேல் யாரையும் உட்காரவிடவும் இல்லை. அக்கா பின்னால் உட்காருவாள். முன்னால் அத்தானின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்து போகும். "நாளைக்கு வண்டிய விக்கும்போது அந்த சீட்டப் பாத்துட்டுத்தான் வாங்குவான்" என்பார். நாளை வரவில்லை. வண்டியை வாங்கப் பைத்தியக்காரன் எவனும் வரவில்லை. உறை மட்டும் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊசி இறங்கியதே தெரியாத கை என்று அவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு. பதினெட்டு வருடங்களாக ஜன்னல் இல்லாத ஒரு கீழ்த்தள அறையில், நீட்டப்படும் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் அங்கே புதிதாக ஒரு பதவி வந்தது. நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். கார் அவர்கள் தருவார்கள். ஓட்டுநர் உரிமம் இவள் கொண்டுவர வேண்டும்.

"மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. இதைக் கேட்டாள். அதுவும் என்னிடம் போனில், குரலைத் தணித்து, ஏதோ தப்பு செய்தவள் மாதிரி. "எனக்கு அந்த வேலை வேணும்டா தம்பி. வெளிய போகலாம்."

அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது அத்தான், பின்சீட்டில் உட்கார்ந்து. பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவதா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அக்கா சீக்கிரம் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுப்பவரைக் கவனிக்காமல் வண்டியைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். முந்தைய மாதமே முதல் சோதனைக்குப் போயிருந்தாள். எல்லாம் சரியாகப் போயிற்று. கடைசியில் மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். நிறுத்தினாள். எடுத்தாள். எடுத்த நொடியில் சீட் பின்னால் போயிற்று. அக்கா குள்ளம். இரண்டு விரல் போனால் அவள் கால் கிளட்சை விட்டுப் போய்விடும். வண்டி குலுங்கி அணைந்து, பின்னால் உருண்டு, சிவப்புக் கம்பத்தைச் சாய்த்தது.

அத்தான் அன்று முழுவதும் கம்பத்தைப் பற்றிப் பேசினார். அதை இன்னும் ஓர் அடி தள்ளி நட்டிருக்கலாம் என்பது அவருடைய கருத்து.

மறுசோதனைக்குத் தேதி கிடைத்தது, மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு காலை நான் அக்கா வீட்டுக்குப் போனேன். பயிற்சிப் பள்ளியின் காரைச் சோதனைக்கு மட்டும் வாடகைக்குத் தருவார்கள், நானே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன்.

அத்தான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாசல்ல சொந்தக் கார் நிக்குது மாப்ள. வாடகைக் கார்ல போய் எறங்கினா பாக்கறவன் என்ன நெனப்பான்?"

"யாரு பாக்கப் போறாங்க அத்தான்?"

"நீ கணக்கு வாத்தியார். உனக்கு மெஷின் தெரியாது. ரெண்டு தண்டவாளம் இருக்குல்ல, அதுல ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு. போனத மட்டும் மாத்தினா முடிஞ்சுது."

சீட்டுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்டவாளங்கள் உண்டு. சீட் அவற்றின் மேல்தான் நகரும். ஒவ்வொன்றிலும் பல்வரிசை இருக்கும். அடியில் உள்ள பிடியைத் தூக்கினால் கொக்கிகள் பற்களை விடும், விட்டால் கவ்வும். அத்தானின் காரில் ஒரு பக்கத்துப் பற்கள் மழுங்கிப்போயிருந்தன. இவ்வளவு தூரம் அவர் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். நோயைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு எப்போதும் குறையில்லை.

மூன்று பேரும் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். பின்சீட்டில் நானும் அக்காவும். முன்சீட்டின் பாலித்தீன் மேல் அவருடைய சாமான் பை.

கடைக்காரர் ஒரு பழைய பஸ் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். அத்தானைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க எடைக்காரரே. இன்னிக்கு எதை உயிரோட எழுப்பப் போறீங்க?"

அத்தான் சொன்னார். கடைக்காரர் எங்களைக் கடையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கதவில்லாத, சக்கரமில்லாத கார்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. அடியில் இருந்த ஒரு காரைக் காட்டினார்.

"இது உங்க வண்டிதான். ஆனா ரெண்டு வருஷம் பிந்தின மாடல். போல்ட் ஓட்டையெல்லாம் அதே எடம், உக்காந்துடும். பல்லு மட்டும் வேற. அதனால ஜோடியா எடுத்துப் போடுங்க."

"ஒண்ணுதான் போயிருக்கு" என்றார் அத்தான்.

"ஒண்ணு போனா ஜோடி போச்சுன்னு அர்த்தம். செருப்பு ஒண்ணு அறுந்தா ஒத்தச் செருப்பு வாங்குவீங்களா?"

வாங்குவார். இதைக் கடைக்காரருக்கு யாரும் சொல்லவில்லை.

"என்கிட்ட ஒரு பக்கம் நல்லா இருக்கு. நல்லா இருக்கறத எதுக்குத் தூக்கி எறியணும்? ஒண்ணு போதும்."

கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். அவளிடம் சொன்னால் பயனுண்டா என்று எடை போடுகிற பார்வை. அக்கா கேட்டாள். "இது ஓட்டறவங்க உக்கார்ற சீட்டுதாங்களா, இல்ல பக்கத்து சீட்டா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. இந்த வண்டிக்கு முன்சீட்டுல பக்கமெல்லாம் கிடையாது. இதைத் தூக்கி அங்க போடலாம், அதைத் தூக்கி இங்க போடலாம். கைப்பிடி மட்டும் உள்ள தள்ளி வரும், அவ்வளவுதான்."

"கேட்டியா? எந்தப் பக்கமும் போகுமாம். அப்ப ஒண்ணு போதும்" என்றார் அத்தான். அந்த வாக்கியத்திலிருந்து அவரால் எடுத்துக்கொள்ள முடிந்தது அதுதான். அக்கா அந்தக் காரின் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரர் ஒரு தண்டவாளத்தைக் கழற்றிக் கொடுத்தார். பிரிந்த இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது இனிமே யாருக்கும் ஆகாது" என்று சொல்லிக் குவியலில் எறிந்தார்.

அன்று மதியம் வீட்டு வாசலில் வேலை நடந்தது. அத்தான் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். அடியிலிருந்து ஒரு சீப்பும், இரண்டு பேனா மூடிகளும், அக்கா மூன்று வருடம் தேடிய ஒரு தோடும் வந்தன. தோட்டைக் கொடுக்கும்போது தானே செய்து கொடுப்பது போல் கொடுத்தார். பழைய தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். ஸ்பானரைக் காலால் மிதித்துப் போல்ட்டை இறுக்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், வேலை சுத்தமாக இருந்தது. பிசிறே இல்லை. அவ்வளவு கவனத்தோடு ஒரு முட்டாள்தனம் செய்யப்படுவதை நான் பார்த்ததில்லை.

பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்து, பிடியைத் தூக்கி, முன்னும் பின்னும் நகர்த்தினார். கவ்வவில்லை. ஒரு பக்கம் கவ்வினால் மறு பக்கம் கவ்வாது. சீட் கோணிக்கொண்டு நின்றது. ஒரு பக்கத்துப் பற்கள் நெருக்கம், மறு பக்கத்துப் பற்கள் அகலம். இரண்டும் ஒரே நேரத்தில் நேர்ப்படுகிற இடம் அந்த நீளத்துக்குள் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். இது ஏழாம் வகுப்புக் கணக்கு. நான் வருடாவருடம் நடத்துகிறேன். வாசற்படியில் உட்கார்ந்து அதை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் என் வேலை எப்போதும் அதுதான், விடை தெரிந்துகொண்டு சும்மா இருப்பது.

கடைசியில் டக் என்று ஒரு சத்தம். இரண்டு பக்கமும் கவ்வியது. அத்தான் முன்னால் ஆடிப் பார்த்தார், பின்னால் ஆடிப் பார்த்தார். சீட் பாறை மாதிரி நின்றது. கால்களை நீட்டினார். மூன்று மிதிகளும் பாதத்துக்கு வாகாக வந்தன.

"வா, வந்து பாரு" என்று அக்காவைக் கூப்பிட்டார். "ஒரு நூல் அசையாது."

அக்கா ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். இன்னும் நீட்டினாள். இடுப்பைச் சரித்து, சீட்டின் நுனிக்கு வந்து, மறுபடியும் நீட்டினாள்.

"என்னங்க, கிளட்ச் எட்டல."

"கொஞ்சம் முன்ன தள்ளிக்க."

அவள் பிடியைத் தூக்கி முன்னால் தள்ளினாள். சீட் கோணிக்கொண்டு ஆடியது.

"அய்யய்யோ, தள்ளாத தள்ளாத. அது அந்த எடத்துலதான் நிக்கும்."

"அது உங்க காலுக்குங்க."

"ஆமா. ஓட்டறது யாரு?"

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். அத்தான் ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கேள்வியில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. நான்கு வருடம் தானே சகித்துக்கொண்ட ஒன்றை இப்போது ஏன் சரிசெய்கிறோம், வியாழக்கிழமை அந்த சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள், எல்லாம் பழைய இரும்புக் கடையிலேயே நழுவிப் போய்விட்டது. சிறிது நேரத்துக்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது. அதுவும் அதிகமில்லை.

"ஓ, டெஸ்ட்டா. ரெண்டு தலகாணி வச்சுக்க. போதும்" என்றார்.

அக்கா அவரோடு சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். உள்ளே போய் இரண்டு தலையணை கொண்டுவந்தாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாட்களும் அவற்றை முதுகுக்கு வைத்து ஓட்டிப் பழகினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பின்னால் உட்காருவேன். மேட்டில் எடுக்கும்போது தலையணை அமுங்கும், கால் பாதி எட்டும், பாதி எட்டாது. பத்து தடவைக்கு ஆறு தடவை சரியாக வந்தது.

"ஆறு நல்ல மார்க்தானடா" என்றாள் அக்கா.

"பாஸ் மார்க்" என்றேன்.

வியாழக்கிழமை அத்தான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். சோதனைத் திடலில் பதினைந்து பேர் வரிசையில் இருந்தார்கள். தேர்வு அதிகாரி ஒரு பெண், அக்காவின் வயதுதான் இருக்கும். கிளிப் வைத்த அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியிலும் ஏறி இறங்கினார். முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அக்காவின் முறை பத்தரை மணிக்கு வந்தது. அதிகாரி பாலித்தீன் உறைமேல் உட்கார்ந்தார். அது நொறுங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அத்தான் முகம் சுளித்தார். அதிகாரி அக்காவின் முதுகுப் பக்கம் பார்த்தார்.

"இது என்ன?"

"தலகாணி மேடம்."

"தெரியுது. எதுக்கு?"

"கால் எட்டறதுக்கு மேடம்."

"சீட்ட முன்ன தள்ளி சரிபண்ணிக்குங்க. முதல் மார்க்கே அதுக்குத்தான்."

அக்கா பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். பிறகு சொன்னாள், "இது நகராது மேடம்."

"நகராத சீட்ல டெஸ்ட் எடுக்க முடியாது. எறங்குங்க."

அத்தான் ஓடினார். ஜன்னலில் குனிந்து, "மேடம், அது ஸ்ட்ராங்கா நிக்குது. நீங்களே ஆட்டிப் பாருங்க. ஒரு நூல் அசையாது."

"நீங்க யாரு?"

"இந்த வேலையச் செஞ்சதே நான்தான்."

"அப்ப நீங்க இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி இறங்கிக் கதவைச் சாத்தினார். அக்கா அவர் பின்னால் போய்க் கேட்டாள், வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்தால் இன்றைக்கே எடுப்பீர்களா என்று. பன்னிரண்டு மணி வரை இருப்பேன், இல்லையென்றால் புதுத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அதிகாரி. புதுத் தேதி என்றால் ஆறு வாரம். அந்த வேலை மூன்று நாள்தான் காத்திருக்கும்.

நான் பயிற்சிப் பள்ளிக் கார்களிடம் ஓடினேன். அவர்களுக்கே ஏழு பேர் பாக்கி. கெஞ்சிப் பார்த்தேன். திரும்பி வந்தபோது அத்தான் ஒரு மரத்தடியில் நின்று, பெண்களுக்கென்று தனியாக வண்டி செய்ய வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா காரின் டிக்கியைத் திறந்து அவருடைய சாமான் பையைக் கொட்டியிருந்தாள்.

"தம்பி, பன்னெண்டாம் நம்பர் ஸ்பானர் இதுல எது?"

எடுத்துக் கொடுத்தேன். அவள் ஓட்டுபவர் பக்கம் போகவில்லை. மறு பக்கத்துக் கதவைத் திறந்து, பாலித்தீன் போட்ட சீட்டுக்கு அடியில் தலையை விட்டாள். அத்தான் வந்துவிட்டார்.

"என்ன பண்ற?"

"கடைக்காரர் சொன்னார்ல. ரெண்டு சீட்டும் ஒண்ணுதான்னு."

"அது புது சீட்டு."

"ஆமா."

"கவர் பிரிக்காத சீட்டு."

"ஆமாங்க. யாரும் உக்காராததால தண்டவாளம் ரெண்டும் தேயாம இருக்கு. நீங்கதான் பத்திரமா வச்சிருந்தீங்க."

முதல் இரண்டு போல்ட்டுகள் வந்தன. மூன்றாவது வந்தது. நான்காவது கம்பெனியில் இறுக்கியதிலிருந்து திறக்கப்படாதது, துருப்பிடித்திருந்தது. அக்கா தொங்கினாள். நான் தொங்கினேன். ஸ்பானர் நழுவியது.

"அப்படித் திருகினா போல்ட் தல உருண்டுடும்" என்றார் அத்தான் பின்னாலிருந்து. வேறு எதைத் தாங்கினாலும், தவறாகப் பிடிக்கப்பட்ட ஸ்பானரை அவரால் தாங்க முடியவில்லை. என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். போல்ட்டின் தலையில் இன்னொரு ஸ்பானரால் நாலு தட்டு தட்டினார். இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பி, பிறகு அவிழ்க்கிற பக்கம் திருப்பினார். கீச்சென்று வந்துவிட்டது. அந்த ஒரு நிமிடம் அவரை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அவர் நிமிர்ந்து பேச ஆரம்பித்தார்.

"பாத்தியா? எதுக்கும் ஒரு மொற இருக்கு."

ஓட்டுபவர் சீட்டின் நான்கு போல்ட்டுகளையும் அவர்தான் கழற்ற வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மிதித்து இறுக்கியதும் அவர்தானே. இரண்டு சீட்களும் புல்லில் அருகருகே கிடந்தன. ஒன்று தேய்ந்து, ஒன்று மஞ்சள் உறையோடு. அக்கா உறையின் மடிப்பில் விரலை விட்டுக் கிழித்தாள். திடலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். அத்தான் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பாத்து, மெதுவா. எதுக்காவது ஆகும்" என்று மட்டும் சொன்னார்.

பதினொன்றே முக்காலுக்கு அக்கா அந்த சீட்டில் உட்கார்ந்து பிடியைத் தூக்கினாள். சீட் சத்தமில்லாமல் முன்னால் வந்தது. விட்டாள். நின்றது. கைப்பிடி உள்பக்கம் வந்திருந்தது, கடைக்காரர் சொன்னபடி. அவள் மூன்று மிதிகளையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். 

அதிகாரி ஏறினார். இப்போது அத்தானின் சீட் அவருக்கு. கால்களுக்கு முன்னால் வெற்றிடம் கிடந்தது.

"இது என்ன இவ்வளவு பின்ன இருக்கு?"

"அந்த சீட் அங்கதான் நிக்கும் மேடம்."

அதிகாரி அட்டையைப் பார்த்தார். பக்கத்துச் சீட்டுக்கு அதில் மார்க் இல்லை போலிருக்கிறது. "சரி, எடுங்க" என்றார்.

நாங்கள் மேட்டுக்கு எதிரே போய் நின்றோம். வண்டி ஏறியது. பாதியில் நின்றது. பின்விளக்குகள் சிவந்தன. சிவப்புக் கம்பம் அதே இடத்தில் மறுபடியும் நடப்பட்டிருந்தது. அத்தான் என் கையைப் பிடித்தார். பிடித்ததை உணர்ந்து விட்டுவிட்டார். விளக்குகள் அணைந்தன. வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் வரவில்லை. மேலே ஏறி, மறுபக்கம் இறங்கிப் போயிற்று.

அதிகாரி இறங்கும்போதே அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். அக்காவிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, "அடுத்து யாரு" என்றார். அக்கா தாளை இரண்டு தடவை படித்தாள். அத்தானிடம் காட்டவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது அக்கா தெருத் தெருவாகப் போகிறாள். மூன்றாவது மாடிகள், பின்கட்டுகள், நாய் குரைக்கிற வீடுகள். வெயிலில் கொஞ்சம் கறுத்திருக்கிறாள். அத்தான் எடைமேடையில் லாரி டிரைவர்களிடம் சீட் மாற்றிய கதையைச் சொல்கிறாராம். கதையில் அக்கா மேட்டில் வண்டி எடுக்கிற இடத்தில்தான் வருகிறாள். "அவசரத்துல மூள வேல செய்யணும். ரெண்டு சீட்டும் ஒண்ணுதானேன்னு எனக்கு டக்குனு தோணிச்சு" என்பதுதான் கதையின் நடு. பழைய இரும்புக் கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, எழுந்து போய்விட்டாராம்.

போன ஞாயிறு என்னைப் பஸ் நிலையத்தில் விட மூன்று பேரும் கிளம்பினோம். வாசலில் அத்தான் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுபவர் பக்கம் போனார். அக்கா கையை நீட்டினாள். அவர் கொடுத்துவிட்டு மறுபக்கம் போனார்.  பழகிவிட்டது போலிருக்கிறது. நான் வழக்கம்போல் பின்னால்.

அத்தானின் சீட்டில் அந்தப் பாலித்தீன் உறை இருந்தது. கிழிந்த இடங்களை எல்லாம் அகலமான பழுப்பு டேப்பால் ஒட்டி, சீட்டுக்குப் போட்டுக் கட்டியிருந்தார். அதன்மேல் உட்கார்ந்து கால்களை நீட்டினார். அங்கே அவர் கால்களுக்கு வேண்டிய இடம் சரியாக இருந்தது, நூல் பிசகாமல்.

"எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு மாப்ள."

"ஆமா அத்தான்" என்றேன்.

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வண்டியை எடுத்தாள். முதல் சந்திப்பில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. பிரேக் போட்டாள். சீட்கள் இரண்டும் அசையவில்லை. பாலித்தீன் வழுக்கி, அத்தான் மட்டும் இரண்டு விரல் அளவு முன்னால் வந்தார். சைக்கிள் போயிற்று. வண்டி கிளம்பியது. அதே இரண்டு விரல் பின்னால் போனார்.